முன் இடது சக்கரத்தில் "கிச் கிச்": பேரிங் என்கிறார்கள், எனக்கு ஒப்பவில்லை

மார்ச் 2, இரவு

வண்டிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. முன்னால் திட அச்சு, நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். முன் சக்கரங்களும் இழுக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி இரண்டு லாக்கிங் ஹப்பையும் (முன் சக்கரத்தை அச்சுக்குள் இருக்கும் ஷாஃப்ட்டோடு இணைக்கும் பூட்டு) கையால் திருப்பிப் பூட்டிவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் இழுப்பை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) லீவரைப் போட வேண்டும்.

இரண்டு வாரமாக ஒரு சத்தம். 20 கி.மீ. வேகத்தில் தொடங்குகிறது: கிச், கிச், கிச். வேகம் ஏற ஏற நெருங்கிக்கொண்டே போகிறது. 50 தாண்டினால் காணோம். முன் இடது சக்கரத்திலிருந்து வருவதாகக் காது சொல்கிறது. இடது வளைவில் அடங்குகிறது, வலது வளைவில் ஏறுகிறது.

மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் ஒரே வார்த்தை: பேரிங். வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில் விழும், அப்போது சத்தம் ஏறினால் இடது பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். பாடம் சரிதான். ஆனால் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை. ஸ்பிரிங் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் சக்கரத்தைச் சுழற்றினேன், அதிர்வு இல்லை. கெட்டுப்போன பேரிங் உறுமும், முனகும். இப்படிக் குருவி மாதிரி கத்தி நான் கேட்டதில்லை. அதனால் இது பேரிங் இல்லை என்கிறேன்.

இதே சத்தத்தைக் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

மார்ச் 3, காலை

என்னென்ன பார்த்தாய் என்று கேட்டவர்களுக்கு.

40-ல் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். சத்தம் நிற்கவில்லை, கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான். ஆகவே எஞ்சினும் கிளட்ச்சும் கணக்கில் இல்லை. அதே வேகத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டேன், மாற்றமில்லை. ஹேண்ட்பிரேக்கை இரண்டு பல் இழுத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. பேட், டிரம் இரண்டும் இதனால் பின்னுக்குப் போகின்றன.

டயர்: உள்ளங்கையால் குறுக்காகத் தடவினேன். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் கீறினால் தேய்மானம் கோணலாக இருக்கிறது என்று பொருள். அப்படி இல்லை. இருந்தாலும் இடது பக்கத்தில் முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டு ஓட்டினேன். சத்தம் டயரோடு பின்னால் போகவில்லை. கரடு முரடான சாலையிலிருந்து வழவழப்பான சாலைக்கு ஏறினாலும் அதே சத்தம். டயர் சத்தமாக இருந்தால் சாலை மாறியதும் குரல் மாறியிருக்கும்.

டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டையும் பார்த்தேன். சின்னக் கல் ஒன்று அங்கே மாட்டிக்கொண்டால் உலகமே இடிகிற மாதிரி கத்தும். கல்லும் இல்லை, தகடு உரசிய பளபளப்பும் இல்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. சத்தம் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று தோன்றுகிறது.

மார்ச் 3, மதியம்

சக்கர நட் பார்த்தாயா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். எல்லாம் இறுக்கமாக இருக்கின்றன. புதிதாகச் சக்கரச் சத்தம் கேட்கிற யாராக இருந்தாலும் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் வண்டியை நிறுத்தி நட்டில் ஸ்பானரை வையுங்கள். தளர்ந்த நட் முதலில் கிறீச்சிடும், அப்புறம் டக் டக் என்று அடிக்கும், அப்புறம் சக்கரம் நம்மை முந்திக்கொண்டு போகும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள்.

மார்ச் 5

பேரிங்கை மாற்றிவிட்டேன். இத்தனை பேர் சொல்லும்போது என் பிடிவாதத்துக்காக ஒரு சக்கரத்தைப் பந்தயம் வைக்க மனசில்லை.

இடது ஹப்பைத் திறந்தேன். உள் பேரிங், வெளி பேரிங் இரண்டும் ரோலர் வகை. மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ரோலர்களில் குழி இல்லை, நீலம் பாய்ந்த இடம் இல்லை. வெளி வளையம் மங்கியிருந்தது, அதுகூட வயதுக்குரிய மங்கல்தான். இருந்தாலும் திறந்த பிறகு பழையதைப் போட மனம் வரவில்லை. இரண்டு பேரிங், அவற்றின் வளையங்கள், சீல், எல்லாம் புதிது. கிரீஸைக் கையால் ரோலர்களுக்கு நடுவே வெளியே பிதுங்கும்வரை திணித்தேன். உள் நட்டை ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, தளர்த்தி, மறுபடி கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கி, பூட்டு வாஷரை மடித்தேன்.

லாக்கிங் ஹப்புக்குள்ளும் தாராளமாகக் கிரீஸ் வைத்தேன். வண்டி ஸ்டாண்டில் நிற்கிறதே என்று அடியில் படுத்து எல்லாக் கிரீஸ் நிப்பிளுக்கும் (கிரீஸ் ஏற்றும் சின்ன வாய்) துப்பாக்கியால் இரண்டு இரண்டு அழுத்து கொடுத்தேன்.

இருபது கி.மீ. ஓட்டினேன். சத்தமே இல்லை. நான் சொன்னது தப்பு, பேரிங்தான். மூன்று பேரிடமும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 6

இன்றும் அமைதி. ஓட்டி முடித்ததும் இரண்டு முன் ஹப்புகளையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே வெதுவெதுப்பு. பேரிங் மாற்றியவர்கள் முதல் சில நாள் இதைச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடாக இருந்தால் நட் அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது அந்தப் பக்க பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. எது என்று பார்க்காமல் மேலே ஓட்டாதீர்கள்.

மார்ச் 8, மாலை

திரும்பி வந்துவிட்டது. அதே இடம், அதே கிச் கிச்.

மார்ச் 8, இரவு

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். அதே சத்தம் என்று மாலையில் எழுதினேன், அது பாதிதான் உண்மை. இப்போது இரண்டு சத்தம் இருக்கிறது. பழைய கிச் கிச் ஒன்று. 30-க்கு மேல், கூழாங்கல்லை டப்பாவில் போட்டு உருட்டுகிற மாதிரி ஒரு "கர்ர்ர்" இன்னொன்று. இரண்டாவது பேரிங் வேலைக்கு முன்னால் இல்லவே இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும்.

ஜாக்கியில் தூக்கி, கியரில் போட்டு எஞ்சினை ஓடவிட்டுக் கேள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி இதைச் செய்யாதீர்கள். பின் அச்சில் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (டிஃபரன்ஷியல் என்பது இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்லமைப்பு, இந்த வகை அந்த வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும்) இருந்தாலோ, நான்கு சக்கர இயக்கம் போட்டிருந்தாலோ, தரையில் இருக்கும் சக்கரமும் இழுக்கும். வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துப் போகும். அடியில் ஒரு ஆள் இருந்தால் அவ்வளவுதான்.

மார்ச் 9

இன்றைக்கு ஸ்பானரைத் தொடவே இல்லை. சாக்பீஸ், அளவு நாடா, போன், இவை மட்டும்.

இடது முன் டயரின் பக்கச்சுவரில் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. தரையிலும் ஒரு கோடு. டயர் ஒரு முழுச் சுற்று சுற்றி, கோடு மறுபடி தரையைத் தொடும் வரை வண்டியை நகர்த்தி அளந்தேன். 2.25 மீட்டர்.

அப்புறம் லேசான சரிவு ஒன்றில் நியூட்ரலில், எஞ்சின் ஐடிலில், பிரேக்கில் காலை வைத்தபடி மனிதன் நடக்கிற வேகத்தில் வண்டியை உருளவிட்டேன். மகள் ஒரு குச்சியில் போனைக் கட்டி வண்டிக்கடியில் நீட்டிக்கொண்டு, சக்கரத்திலிருந்து ஓர் எட்டு தள்ளி நடந்தாள். சாக்பீஸ் கோடு தரையைத் தொடும்போதெல்லாம் "ஒண்ணு… ரெண்டு…" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அதுதான் அவள் வேலை. பத்து சுற்று, இருபத்திரண்டரை மீட்டர்.

20 கி.மீ.க்குக் கீழே சத்தமே இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது. எஞ்சின் இரைச்சலில் எனக்குத்தான் கேட்கவில்லை. வெளியே நடந்தவளுக்குத் தெளிவாகக் கேட்டது. மூன்றாவது சுற்று சொல்லும்போதே, "அப்பா, இது சக்கரமா இருக்காது. நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள அது நாலு தடவை கத்துது" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவை மெதுவாக ஓட்டி எண்ணினோம். அவள் ஒருமுறை, நான் ஒருமுறை. பத்து சுற்றுக்கு 41 கிச்.

கையேட்டை எடுத்துப் பின் அச்சின் பல்விகிதத்தைப் பார்த்தேன். 4.1.

மார்ச் 9, இரவு

மேலே எழுதியதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும், இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளமான ஷாஃப்ட்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட். அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் அதன் வேகத்தைக் குறைத்துத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. விகிதம் 4.1 என்றால் சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.1 முறை சுற்ற வேண்டும். சக்கரம் பத்து சுற்றினால் ஷாஃப்ட் 41. நம் கிச்சும் 41. அதாவது ஷாஃப்ட் ஒருமுறை சுற்றினால் ஒரு கிச். சக்கரத்தோடு சுற்றுகிற பேரிங், ஹப், டிஸ்க், டயர், எதுவும் இந்தத் தாளத்தில் கத்த வழியில்லை.

முன் ஷாஃப்ட்டாக இருக்கலாமே என்றால், ஹப் பூட்டாமல் பின் சக்கர இயக்கத்தில் ஓட்டும்போது முன் அச்சுக்குள் எதையும் சக்கரம் சுழற்றுவதில்லை. ஆகவே பின் ஷாஃப்ட். அதில் இந்த மாதிரி கத்தக்கூடியது முனைகளில் இருக்கும் ஜாயிண்ட் கிராஸ், ஷாஃப்ட் சாய்வாக மடங்கிச் சுழல விடும் சிலுவை வடிவத் துண்டு. ஒன்று டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம், இன்னொன்று அச்சுப் பக்கம்.

3-ம் தேதி காலை "ஒரு சுற்றுக்கு ஒருமுறை" என்று எழுதியது முழுத் தப்பு. ஓட்டிக்கொண்டே மனதுக்குள் எண்ணியது அது. 20 கி.மீ. வேகத்தில் என் சக்கரம் விநாடிக்கு இரண்டரைச் சுற்று சுற்றுகிறது, கிச் விநாடிக்குப் பத்து வருகிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இதை யாராலும் எண்ண முடியாது. சக்கரம் என்று முன்பே முடிவு செய்திருந்ததால் காதும் அதற்கு ஏற்றபடி கேட்டிருக்கிறது.

மார்ச் 10

இந்தப் பக்கத்தில் நான் எழுதியதை எல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது.

வளைவு சோதனை. நான் தினமும் போகிற சாலையில் அந்த இடது வளைவு இறக்கத்தில் இருக்கிறது, வலது வளைவு ஏற்றத்தில். இடது வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன், வலது வளைவில் அழுத்துகிறேன். சத்தம் மாறியது காலால்தான், வளைவால் இல்லை. இன்று காலியான சமதள மைதானத்தில் ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வட்டம் போட்டேன். இரண்டு பக்கமும் ஒரே சத்தம். வளைவு சோதனையைச் செய்வதானால் சமதளத்தில், கால் அசையாமல் செய்யுங்கள். சாலை வளைவில் செய்தது கணக்கில் சேராது.

நியூட்ரலில் மெலிந்தது. இதை எழுதினேன், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. எஞ்சின் இழுக்கும்போது ஏறி, இழுப்பை விட்டதும் மெலிகிற சத்தம் என்றால், எஞ்சினின் இழுப்பைச் சுமக்கிற உறுப்பில் தேட வேண்டும். முன் இடது பேரிங் இந்த வண்டியில் எஞ்சினின் இழுப்பைச் சுமப்பதே இல்லை.

50-க்கு மேல் மறைவது. மறையவில்லை. 50-ல் கணக்குப் போட்டால் விநாடிக்கு 25 கிச். அதைக் காது தனித்தனியாகப் பிரிக்காது, ஒரு ரீங்காரமாகச் சேர்த்துக் கேட்கும், அது சாலை இரைச்சலில் கரைந்துவிடும்.

கடைசியாக, பேரிங் மாற்றியதும் வந்த இரண்டு நாள் அமைதி. அன்று அடியில் படுத்து எல்லா நிப்பிளுக்கும் இரண்டு அழுத்து கொடுத்தேன் என்று நானே எழுதியிருக்கிறேன். பின் ஷாஃப்ட் ஜாயிண்டுகளுக்கும் சேர்த்துத்தான். சத்தத்தை அடக்கியது அந்தக் கிரீஸ். அது பிதுங்கி வெளியே வந்ததும் சத்தமும் வந்தது. ஒரே நாளில் இரண்டு வேலை செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததில்லை. பழைய வண்டிக்கு அடியில் படுத்தால் ஒன்றோடு எழுந்திருக்க முடிவதில்லை.

மூன்று பேருக்கும் மறுபடி போன் பண்ணினேன்.

மார்ச் 11

பின் ஷாஃப்ட்டில் இருக்கும் சத்தம் முன் இடது சக்கரத்தில் எப்படிக் கேட்கும் என்று கேள்வி. நியாயமான கேள்வி, இன்று அதைத்தான் பார்த்தேன்.

போனைத் துணியில் சுற்றி, கம்பியால் இறுகக் கட்டி மூன்று இடத்தில் வைத்து அதே சாலையில் அதே வேகத்தில் மூன்று முறை ஓட்டினேன். முன் இடது ஸ்பிரிங் மேல்: மெல்லிய கிச். பின் அச்சின் மேல்: கொஞ்சம் தெளிவு. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல்: பக்கத்தில் உட்கார்ந்து யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி.

அந்தக் குறுக்குச் சட்டம் இரண்டு பக்கச் சட்டங்களோடும் பிணைந்திருக்கிறது. இரும்புக்குள் சத்தம் காற்றைவிடப் பலமடங்கு வேகமாக, அதிகம் தேயாமல் ஓடும். சட்டம் வழியாக ஓடி, எங்கே தரைத்தகடு மெலிந்திருக்கிறதோ, எங்கே ரப்பர் காய்ந்திருக்கிறதோ அங்கே வெளியே வந்து காதில் விழும். என் வண்டியில் இடது முன் கால்மிதிக்குக் கீழே ரப்பர் அடைப்பு ஒன்று இல்லவே இல்லை, கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. நான் முன் இடது சக்கரம் என்று நினைத்தது அந்த ஓட்டையைத்தான்.

கட்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: சுழல்கிற எதற்கும் ஒரு முழம் கிட்டக்கூட கம்பி நுனி தொங்கக் கூடாது.

மார்ச் 12

பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு முன் ஹப்பையும் பூட்டி, லீவரை நாலு சக்கர நிலையில் போட்டு, முன் சக்கர இழுவையில் மட்டும் மண் மைதானத்தில் ஒரு சுற்று வந்தேன். கிச் இல்லை. ஒன்றுகூட இல்லை. வேறு எந்தச் சோதனையும் இத்தனை தெளிவாகப் பதில் சொல்லாது.

ஆனால் இதைச் செய்ய நினைக்கிறவர்கள் இதையும் படியுங்கள். ஷாஃப்ட் இல்லையென்றால், கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறோம் என்கிற நம்பிக்கையும் இல்லை. கியருக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இப்போது ஒன்றுமில்லை. என் வண்டியில் ஹேண்ட்பிரேக் பின் டிரம்மைப் பிடிக்கும், அதனால் தப்பித்தேன். சில பழைய வண்டிகளில் ஹேண்ட்பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில், ஷாஃப்ட்டைப் பிடிக்கும்படி இருக்கும். அதில் ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட்பிரேக்கும் போச்சு. அந்த வகையில் ஷாஃப்ட் மாட்டியிருக்கும்போதே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலும் வண்டி உருளும், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றி விட்டுக்கொடுத்துவிடும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள், அப்புறம் அடியில் போங்கள்.

இன்னொன்று, என் ஷாஃப்ட்டின் இரண்டு முனையும் ஃபிளாஞ்சில் (தட்டையான இணைப்புத் தகடு) போல்ட் போட்டது, கழற்றினால் எண்ணெய் ஒழுகாது. முனை நேராகக் கேஸுக்குள் நுழைகிற வகையில் எண்ணெய் கொட்டும், அந்த வகையில் இப்படி ஓட்டவே கூடாது. நடுவில் டிஃபரன்ஷியல் உள்ள, எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகளில் அதைப் பூட்டாமல் ஒரு ஷாஃப்ட்டைக் கழற்றினால் வண்டி நகராது.

மார்ச் 13

கிராஸைப் பிரித்தேன்.

ஷாஃப்ட்டை வண்டியிலிருந்து இறக்கி மடியில் வைத்து முதலில் கையால் மடக்கிப் பார்த்தேன். அச்சுப் பக்க ஜாயிண்ட் எண்ணெயில் நழுவுகிற மாதிரி மடங்கியது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் ஒரு திசையில் வழுவழுப்பு, மறுதிசையில் நடுவே ஒரு இடத்தில் சின்னப் பள்ளத்தில் விழுந்து ஏறுகிற மாதிரி தடுக்கியது. விரலுக்குத்தான் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

கிராஸுக்கு நான்கு கை, ஒவ்வொரு கைக்கும் ஒரு கப். கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தினேன். மூன்று கப்பின் சீல் ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப் பார்த்தது. நான்காவதில் வரவே இல்லை. அதன் ஓரத்தில் மட்டும் செங்கல் பொடி மாதிரி சிவப்பாக ஒரு வளையம். 5-ம் தேதி நான் இரண்டு அழுத்தோடு நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன், நான்கிலும் வருகிறதா என்று பார்க்கவில்லை.

ஸ்னாப் ரிங்கை எடுத்து, வைஸில் வைத்து அழுத்திக் கப்பை வெளியே தள்ளினேன். மற்ற மூன்றிலும் ஊசி ரோலர்கள் கிரீஸில் ஒட்டி வட்டமாக நின்றன. நான்காவதைக் கவிழ்த்ததும் சிவப்புப் பொடியும் ஊசிகளும் கலந்து உள்ளங்கையில் கொட்டின. சில ஊசிகள் பாதியாக உடைந்திருந்தன. பொடி மாவு மாதிரி மெத்தென்று இருந்தது, துளி பிசுபிசுப்பு இல்லை. கிராஸின் அந்த நான்காவது கையைத் துடைத்துப் பார்த்தால், ஊசிகள் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி வரிவரியாகப் பள்ளம். சுண்டுவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்தேன், ஒவ்வொரு வரியிலும் நகம் தடுக்கியது, சீப்பில் இழுக்கிற மாதிரி.

உள்ளே கிரீஸ் போகும் துளையைக் கம்பியால் குத்தினேன். பழைய கிரீஸ் மெழுகாக இறுகி அடைத்திருந்தது. எத்தனை வருடமாக நான் கொடுத்த கிரீஸ் எல்லாம் மூன்று கைக்கு மட்டுமே போயிருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அப்படியானால் 5-ம் தேதிக் கிரீஸ்தான் சத்தத்தை அடக்கியது என்று 10-ம் தேதி எழுதியதும் சந்தேகம்தான், அந்த இரண்டு நாள் அமைதிக்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 14

புது கிராஸ் போட்டாயிற்று. இரண்டு ஜாயிண்டும் மாற்றினேன், ஒன்றின் வயதுதானே இன்னொன்றுக்கும்.

மாட்டுவதற்கு முன் செய்தது: கழற்றும் முன்பே ஃபிளாஞ்சிலும் ஷாஃப்ட்டிலும், நீண்டு சுருங்கும் பல்லிணைப்பின் இரண்டு பாகத்திலும் வெள்ளைப் பெயிண்டால் கோடு. கோடும் கோடும் நேராக வரும்படிதான் திரும்ப மாட்ட வேண்டும். கிராஸ் வழியாகச் சாய்வாகச் சுழலும் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் ஜாயிண்ட் கூட்டியதைப் பின் ஜாயிண்ட் குறைத்துச் சரிசெய்ய, ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். பல்லிணைப்பை ஒரு பல் தள்ளி மாட்டினால் இந்தக் கணக்கு தவறி, இதுவரை இல்லாத அதிர்வு ஒன்று வந்து சேரும். அதைத் தேடி இன்னொரு மாதம் அலைய வேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்த்தேன். கிச் இல்லை. "கர்ர்ர்" இருக்கிறது.

மார்ச் 16

அதுவும் முடிந்தது.

30-ல் போய்க் கேட்டேன். இறங்கி இடது லாக்கிங் ஹப்பை மட்டும் பூட்டி, லீவரைத் தொடாமல் மறுபடி 30-ல் போனேன். சத்தம் இல்லை. ஹப்பைத் திறந்தேன், சத்தம் வந்தது. பூட்டியிருக்கும்போது சக்கரமும் உள் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றும், திறந்தால் சக்கரம் மட்டும் சுற்றும். ஆகவே சத்தம் அந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில், ஹப்புக்குள்ளேயே இருக்கிறது. இந்த முறை சத்தம் உண்மையிலேயே முன் இடது சக்கரத்தில்தான்.

மூடியைத் திறந்ததும் காரணம் கண் முன்னால் இருந்தது. நான் திணித்த கிரீஸ். உள்ளே ஒரு பல்வளையம் முன்னும் பின்னும் நகர்ந்துதான் பூட்டும், திறக்கும். கெட்டிக் கிரீஸில் அது முழுதாகப் பின்வாங்க முடியாமல் பாதியில் நின்று, சுற்றுகிற பற்களின் நுனியை உரசியபடி இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் வழித்து எடுத்துக் கழுவி, விரலில் தொட்டுப் பூசின படலம் அளவுக்கு மட்டும் வைத்தேன். பற்களின் நுனி லேசாகப் பளபளத்தது, உடையவில்லை. இன்னும் நூறு கி.மீ. ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

பேரிங்குக்கு நிறையக் கிரீஸ், லாக்கிங் ஹப்புக்குப் படலம். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டுக்கும் வேண்டியது வேறு வேறு. 5-ம் தேதிக் குறிப்பைப் பார்த்து யாராவது ஹப்புக்குள் தாராளமாக வைத்திருந்தால் தயவுசெய்து திறந்து எடுத்துவிடுங்கள்.

மார்ச் 17

முழுதாக ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஹப் பூட்டி மெதுவாகப் போகும்போது டக் டக் என்று அடிக்கிறது என்று எழுதியவருக்கு: உங்களுடையது வேறு கதை. நேராகப் போனால் இல்லை, ஹப் திறந்தால் இல்லை, திருப்பிப் பூட்டினால் மட்டும் என்றால், முன் அச்சின் முனையில் சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிற சிவி ஜாயிண்டைப் பாருங்கள். அதற்கு முன் ஒன்று, சோதனையை மண்ணில் செய்தீர்களா, தார்ச்சாலையிலா? நடு டிஃபரன்ஷியல் இல்லாத நம் மாதிரி வண்டிகளை நாலு சக்கர நிலையில் காய்ந்த தார்ச்சாலையில் திருப்பினால், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் போக வேண்டியிருந்தும் போக முடியாமல் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி, டயர் வழுக்கி, எல்லாம் அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு எதுவும் கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. மண்ணிலும் அடித்தால்தான் பிரியுங்கள்.

மார்ச் 22

நானூறு கி.மீ. ஆயிற்று. மழை, மண், ஒரு ஓடை. எந்தச் சத்தமும் இல்லை. ஓடையில் இறங்கி வந்ததால் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் கொடுத்தேன், நான்கு கப்பிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை.

எடுத்துப் போட்ட பேரிங்குகள் நன்றாகத்தான் இருக்கின்றன. கழுவி, கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி வண்டிக் கருவிப் பெட்டியில் அவசரத்துக்கு வைத்துவிட்டேன். கால்மிதிக்குக் கீழே இருந்த ஓட்டைக்கு ரப்பர் அடைப்பு வாங்கியாயிற்று. மகள் அதை இன்னும் போட விடவில்லை, அடுத்த சத்தம் வந்தால் அது வழியாகத்தானே கேட்க வேண்டும் என்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.